புழுங்கல் அரிசியும் தோட்டத் தமிழரும்: கோலா கிளாவாங் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

மலேசியத் தமிழர் வரலாறு பெரும்பாலும் இரப்பரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எவ்வளவு காடு திருத்தப்பட்டது, எத்தனை பேர் கப்பலேறினர், நாட்கூலி எத்தனை காசு என்னும் வினாக்களுக்கு அரசாங்க ஆவணங்களில் விடை உண்டு. அக்கூலியைக் கொண்டு அவர்கள் உண்டது என்ன, அது எந்த மண்ணில் விளைந்தது, அதைத் தேர்ந்தெடுத்தவர் யார் என்னும் வினாக்களோ அடிக்குறிப்புகளில் ஒதுங்கிவிடுகின்றன. தோட்டத் தொழிலாளியின் உலையில் எந்த அரிசி வேகவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை காலந்தோறும் யார் கையில் இருந்தது என்பதை நெகிரி செம்பிலான் மாநிலத்தின் ஜெலுபு மாவட்டத்தை மையமாகக் கொண்டு ஆராய இக்கட்டுரை முற்படுகிறது. அரிசி உலை சார்ந்த செய்தி என்பதால் அது அரசியலுக்குப் புறம்பானது என்று கருதுவோர் இன்றும் உளர். ஜெலுபுவின் வரலாறு அக்கருத்துக்கு இடம் தரவில்லை.

ஜெலுபுவின் தலைநகரம் கோலா கிளாவாங். கிளாவாங் ஆறு திரியாங் ஆற்றோடு கலக்கும் இடமாதலால் இப்பெயர் பெற்றது. சிரம்பானிலிருந்து புக்கிட் தங்கா மலைச்சாலை வழியே ஏறி இறங்கினால் அப்பள்ளத்தாக்கை அடையலாம். நகரில் நெகிரி செம்பிலானின் முதல் பிரிட்டிஷ் ரெசிடண்டான மார்ட்டின் லிஸ்டரின் நினைவுத்தூண் நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஈயம் இங்குச் சீனரைக் கொணர்ந்தது. அதன்பின் இரப்பர் தமிழரைக் கொணர்ந்தது. இவ்விரு சாராருக்கும் முன்பே, சுமத்திராவிலிருந்து வந்த மினாங்கபாவ் மரபினர் ஆற்றோரங்களில் நெல்வயல் அமைத்து வாழ்ந்து வந்தனர். ஆகவே ஒரே பள்ளத்தாக்கில் மூன்று சமூகத்தார் மூன்று விதமான அரிசியை உண்டனர். இந்தச் சாதாரணச் செய்திதான் ஜெலுபுவை உலக மருத்துவ வரலாற்றில் இடம்பெறச் செய்தது.

ஜெலுபுக் காட்டில் ஓர் ஆராய்ச்சி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் ஈயச்சுரங்கங்களிலும் சிறைகளிலும் மனநல விடுதிகளிலும் பெரிபெரி என்னும் நோய் ஆண்டுதோறும் பல்லாயிரவரைத் தாக்கியது. கால் வீங்கும், நடை தளரும், இறுதியில் இதயம் நின்றுபோகும். அது தொற்றுநோய் என்றும், மண்ணிலிருந்து எழும் நச்சு என்றும் மருத்துவர்கள் வாதிட்டனர். அப்போது சிரம்பானில் மாநில மருத்துவராகப் பணியாற்றிய பிராடன் என்பவர் வேறொரு திசையில் நோக்கினார். ஒரே ஊரில், ஒரே தட்பவெப்பத்தில், ஒரே தண்ணீரைக் குடித்து வாழும் மக்களுள் சீனர் மட்டும் ஏன் மடிகின்றனர்? மலாய்க்காரரும் தமிழரும் ஏன் தப்புகின்றனர்? அவர் கண்ட வேறுபாடு சோற்றுப் பானையில் இருந்தது. சீனத் தொழிலாளர் உண்டது சயாமிலிருந்து வந்த, இயந்திரத்தில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. மலாய்க்காரர் தம் வயலில் விளைந்த நெல்லை அவ்வப்போது உரலிலிட்டுக் குத்தி உண்டனர். தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. 1907ஆம் ஆண்டு தாம் வெளியிட்ட நூலில் பிராடன் இதனை விரிவாக எடுத்துரைத்தார். வெள்ளை அரிசியில் நாட்பட ஒருவகை நச்சு உண்டாகிறது என்று அவர் கொண்ட முடிவு பின்னர்த் தவறென்று தெரிந்தது. எனினும் அவர் கைகாட்டிய இடம் சரியானதே.

இக்கருத்தைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பைக் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும் ஏற்றனர். அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் ஜெலுபு மாவட்டத்தின் டுரியான் திப்புஸ். அங்கே அடர்காட்டின் ஊடே சாலை அமைத்துக்கொண்டிருந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர் இரு பிரிவினராக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மற்றதற்குப் புழுங்கல் அரிசியும் வழங்கப்பட்டன. ஏறத்தாழ மூன்று மாதத்தில் வெள்ளை அரிசி உண்டோரிடையே பெரிபெரி தலைகாட்டியது. புழுங்கல் அரிசி உண்டோரிடையே ஒருவருக்கும் அது வரவில்லை. பின்னர் அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் இடம் மாறியது. 1909ஆம் ஆண்டு இம்முடிவுகள் வெளியாயின. நெல்லின் மேற்படலத்தோடு தீட்டிக் கழிக்கப்படும் ஏதோ ஒரு சத்தின் குறைவே நோய்க்குக் காரணம் என்று அவர்கள் பின்னர் நிறுவினர். 1910ஆம் ஆண்டு மணிலாவில் கூடிய கீழை நாடுகளின் வெப்பமண்டல மருத்துவ மாநாடு, தீட்டிய வெள்ளை அரிசியைத் தொடர்ந்து உண்பதோடு பெரிபெரிக்குத் தொடர்புண்டு என ஏற்றுக்கொண்டது. ஜாவாவில் ஐக்மன் கோழிகளைக் கொண்டு முன்னரே கண்டிருந்த உண்மை, ஜெலுபுவில் மனிதர்களைக் கொண்டு உறுதிசெய்யப்பட்டது. அச்சத்துக்குத் தயாமின் என்னும் பெயர் வருவதற்கு இன்னும் பல்லாண்டுகள் இருந்தன.

இவ்வாராய்ச்சியைப் பாராட்டும் மருத்துவ நூல்கள் எளிதில் கடந்துசெல்லும் ஒரு செய்தி உண்டு. டுரியான் திப்புஸ் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது? அது ஒதுக்குப்புறமான காடு. அங்கிருந்தோர் தமக்கு அளந்து கொடுக்கப்பட்ட அரிசியைத் தவிர வேறு அரிசியை வாங்கி உண்ண வழியில்லை. வேறொன்றைத் தேர்ந்துகொள்ள இயலாத மனிதரே அறிவியலுக்கு ஏற்ற மனிதராக இருந்தனர். அரசாங்கம் இம்முடிவைத் தன் கைக்குள் இருந்த சிறைகளிலும் விடுதிகளிலும் நடைமுறைப்படுத்தியது. வெளியே சந்தையில் வெள்ளை அரிசி வழக்கம்போலவே விற்பனையாயிற்று.

புழுங்கலின் வரலாறு

நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்து, காயவைத்துப் பிறகு குத்துவதே புழுக்குதல். ஊறி வேகும்போது உமிக்கு அடியிலுள்ள சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. ஆதலால் பின்னர் எவ்வளவு தீட்டினாலும் அதில் ஒரு பகுதி தங்கிவிடுகிறது. இவ்விளக்கம் தெரியாமலேயே தமிழகத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக நெல் அவித்து வந்தனர். புழுங்கல் நெல் குத்தினால் நொய் குறைவு, பூச்சி அரிக்காது, சோறு வயிற்றில் நிற்கும் என்பனவே அவர்கள் சொன்ன காரணங்கள். நீராகாரத்துக்கும் பழையசோற்றுக்கும் அதுவே ஏற்றது. மருத்துவம் கண்டுபிடித்தது ஒரு சமையலறைப் பழக்கத்தின் காரணத்தை மட்டுமே. பழக்கம் முன்பே இருந்தது.

ஆயினும் தோட்டத்துக்கு வந்த தமிழர் அனைவரும் நாள்தோறும் அரிசிச்சோறு உண்டு வளர்ந்தவர் என எண்ணுவது பிழை. வட ஆர்க்காடு, சேலம், திருச்சி முதலான மாவட்டங்களின் வறண்ட பகுதிகளிலிருந்து வந்த ஏழைகளுக்குக் கேழ்வரகுக் களியும் கம்பங்கூழுமே அன்றாட உணவு. நெல்லுச்சோறு பண்டிகைக்குரியது. அதிலும் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சம் அக்கூழையும் பறித்துவிட்டது. அப்பஞ்சத்தில் நிவாரண வேலை செய்தோர்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் விதித்தார். அது உழைக்கும் உடலுக்குப் போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். ஒரு மனிதனை உயிரோடு வைத்திருக்க எவ்வளவு தானியம் போதும் என்னும் இந்தக் கணக்கு அங்கேயே முடிந்துவிடவில்லை. கடல் கடந்து தோட்டத்துக் கூலிக் கணக்கிலும் அது புகுந்தது. கங்காணி ஊருக்கு வந்து ஆள் சேர்த்தபோது மூன்று வேளையும் நெல்லுச்சோறு என்பது அவன் வாயில் ஒரு வலிய சொல்லாக இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

இங்கு ஒரு சமநிலையும் தேவை. புழுங்கல் அரிசி தோட்டத் தமிழரைப் பெரிபெரியிலிருந்து காத்தது உண்மை. மலேரியா, சீதபேதி, கொக்கிப்புழு, இரத்தச்சோகை ஆகியவற்றிலிருந்து அது காக்கவில்லை. சோறும் மிளகாயும் ஒரு துண்டுக் கருவாடுமாக முடிந்த உணவில் உடல் தேறுவது அரிது. புதிதாகத் திறந்த தோட்டங்களில் தமிழர் மடிந்த அளவைப் பார்த்தால் அரிசியின் பெருமையைப் பேச நா எழாது.

வயல் நடுவே வயலற்றவர்

ஜெலுபுத் தோட்டத்துத் தமிழர் நெல்வயல்களுக்கு அண்மையில் வாழ்ந்தனர். தஞ்சைப் பகுதியிலிருந்து வந்தவர்களுக்கு நாற்றும் நடவும் தெரியும். இருந்தும் அவர்கள் உண்ட அரிசி கடல் கடந்து வந்தது. மலாயா தனக்குத் தேவையான அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைப் பர்மா, சயாம், இந்தோசீனா ஆகிய நாடுகளிலிருந்து இறக்குமதி செய்தது. தோட்டத் தமிழரின் புழுங்கல் அரிசி பெரிதும் இரங்கூனிலிருந்து வந்தது. ஐராவதி ஆற்றுப் படுகையில் அந்நெல் விளைந்ததன் பின்னே செட்டியார்களின் கடன் முதலும் இந்தியக் கூலிகளின் உழைப்பும் இருந்தன. ஒரு கரையில் தமிழர் முதலிட்டு விளைந்த நெல்லை மறுகரையில் தமிழர் கூலிக்கு வாங்கி உண்டனர் என்று சொல்லலாம்.

இந்நிலை தற்செயலாக அமைந்ததன்று. நெகிரி செம்பிலானில் தாய்வழி மரபான அடாட் பெர்ப்பாத்தே வழக்கின்படி குல நிலம் பெண்களின் பெயரில் நின்றது. 1909ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வழக்கத்துக்குச் சட்ட வலுவூட்டியது. 1913ஆம் ஆண்டின் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டமும் 1917ஆம் ஆண்டின் நெல்நிலச் சட்டமும் வயலை வயலாகவும் மலாய்க்காரரை நெல் உழவராகவும் நிறுத்தி வைத்தன. மலாய்க்காரர் நெல்லுக்கு, தமிழர் இரப்பருக்கு, சீனர் ஈயத்துக்கு என்ற பாகுபாட்டை ஆட்சியாளர் இயற்கையைப் போலவே பேசினர். நிலம் தன் பெயரில் இல்லாத தொழிலாளி கடையை நம்பியே வாழவேண்டியவனானான். சீனத் தவுக்கேயின் கடையிலோ தோட்டத்துக் கடையிலோ பற்று எழுதிச் செலவுச் சாமான் வாங்கினான். சம்பள நாளன்று பற்றைக் கழித்தபின் கையில் மிஞ்சியது சொற்பம்.

இதில் ஒரே ஒரு சிறு வாயில் இருந்தது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்குப் பதினாறில் ஒரு பங்கு ஏக்கர் நிலத்தைக் காய்கறி பயிரிடவும் கால்நடை மேய்க்கவும் ஒதுக்க வேண்டும் என்று விதித்தது. நடைமுறையில் அது கிடைத்த இடமும் உண்டு, கிடைக்காத இடமும் உண்டு. லயத்துக்குப் பின்னால் முருங்கை, வாழை, கத்தரி, பாகல், ஓரமாக மரவள்ளி, ஒரு பசுமாடு. இக்கொல்லைப்புறமே தொழிலாளி தன் விருப்பப்படி எதையேனும் விளைவித்துக்கொண்ட ஒரே இடம். அதுவும் துரையின் தயவில் நின்ற நிலம். பட்டா அவன் பெயரில் வரவே இல்லை.

அரிசியால் அளந்த கூலி

முதல் உலகப்போர் முடிந்த வேளையில் இந்த ஏற்பாட்டின் பலவீனம் வெளிப்பட்டது. 1918இல் இந்தியாவில் பருவமழை பொய்த்தது. பர்மிய அரிசி இந்தியாவுக்குத் திருப்பப்பட்டது. சயாமும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. மலாயாவில் அரிசி விலை பன்மடங்கு உயர, 1919 முதல் 1921 வரை அரசாங்கமே அரிசி வாணிகத்தை மேற்கொண்டு, வாங்கிய விலைக்குக் குறைத்து விற்றது. அதனால் நேர்ந்த நட்டம் ஏறத்தாழ 4 கோடியே 20 லட்சம் வெள்ளி. தோட்டங்கள் உணவுப்பயிர் இடவேண்டும் என்று 1918இலேயே சட்டம் பிறந்திருந்தது. அரசாங்கம் இத்தனை வெள்ளியைச் செலவிட்டது இரக்கத்தால் மட்டும் என்று கருத முடியாது. அரிசி கிடைக்காவிடில் தொழிலாளர் ஊர் திரும்புவர். அரிசி விலைக்கு ஈடாகக் கூலியை உயர்த்தினாலோ, விலை இறங்கியபின் அதைக் குறைப்பது கடினம். மலிவு அரிசி இவ்விரு இடர்களிலிருந்தும் முதலாளிகளைக் காத்தது.

1920களில் இந்தியத் தொழிலாளருக்குக் கூலித்தரம் வகுத்தபோது அடிப்படையாகக் கொள்ளப்பட்டது ஒரு செலவுப் பட்டியல். அரிசி, பருப்பு, மிளகாய், புளி, உப்பு, எண்ணெய், கருவாடு என ஒவ்வொன்றுக்கும் விலையிட்டுக் கூட்டினர். தொழிலாளிக்குத் தேவையானது எது என்பதை அப்பட்டியலை எழுதியோர் முடிவுசெய்தனர். அதன்படி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் விதிக்கப்பட்டன. பெண் குறைவாக உண்பாள் என்பது கணக்கு. விடியுமுன் எழுந்து ஆக்கி வைத்து, பெரட்டுக்கு ஓடி, ஆணுக்கு ஒப்பாக மரம் வெட்டி, பால் சுமந்து, மாலையில் மீண்டும் அடுப்பேற்றியவள் அவளே என்பது எப்பட்டியலிலும் இடம்பெறவில்லை. உலகப் பொருளாதார மந்தத்தில் இக்கூலி 1932இல் 28 காசும் 24 காசுமாக வீழ்ந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அரிசி விலையும் வீழ்ந்ததே என்பது முதலாளிகளின் வாதம். மனிதனின் தேவையை அரிசியால் மட்டும் அளப்பவருக்கு அவ்வாதம் நியாயமாகவே தோன்றும். சீனிவாச சாஸ்திரியின் 1937ஆம் ஆண்டு அறிக்கை பழைய கூலித்தரத்தை மீட்டுத்தரப் பரிந்துரைத்ததோடு நின்றது. மறு ஆண்டில் கூலி மீண்டும் குறைக்கப்படவே, இந்திய அரசாங்கம் தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தியது.

தொழிலாளரே பட்டியல் எழுதத் தொடங்கியபோது அதில் வேறு செய்திகள் இடம்பெற்றன. 1941இல் ஆர்.எச்.நாதன் முன்னின்ற கிள்ளான் வட்டாரப் போராட்டத்தின் கோரிக்கைகளுள் கூலி உயர்வோடு, கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. போருக்குப் பின் 1947இல் கெடாவின் பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியல் செய்து காவல்துறையோடு மோத நேர்ந்தது. கள்ளெதிர்ப்பை ஒழுக்க இயக்கமாக மட்டும் காண்போர் ஒன்றை மறக்கின்றனர். தோட்டத்தின் அரிசிக்கடையும் கள்ளுக்கடையும் ஒரே சம்பளத்தைப் பங்கிட்டுக்கொண்டவை. அடுப்புக்குப் போகவேண்டிய காசு எங்கே போகிறது என்பதே மறியலின் வினா.

மரவள்ளிக் காலம்

ஜப்பானிய ஆட்சிக் காலத்தை நம் மூத்தோர் மரவள்ளிக்கிழங்கால் நினைவுகூர்வர். 1942க்குப் பின் இரங்கூனிலிருந்து அரிசிக் கப்பல் வருவது அரிதாயிற்று. பங்கீடாகக் கிடைத்த சொற்ப அரிசியும் சுண்ணாம்பு வாடை வீசியது என்பர். இரப்பருக்குச் சந்தையில்லை. மரங்களை வெட்டிக் கிழங்கு நட்டனர். கிழங்கை அவித்தனர், வற்றலாக்கினர், மாவாக்கி ரொட்டி தட்டினர். இலையும் கீரையாயிற்று. மேட்டுநிலப் பயிராகக் கேழ்வரகைப் பரப்பவும் முயற்சி நடந்தது. பாட்டன் விட்டுவந்த கேழ்வரகு பேரனைத் தேடி வந்தது எனலாம். புழுங்கல் அரிசியின் காப்பு நீங்கவே, ஒரு தலைமுறைக்கு முன் தமிழரை அணுகாத பெரிபெரி இப்போது அவர்களையும் பற்றியது. ஆறாத புண்ணும் வீங்கிய காலும் அக்காலத் தோட்டங்களின் பொதுக்காட்சி.

உணவு ஒரு தூண்டிலாகவும் ஆயிற்று. வேலை உண்டு, சோறு உண்டு, மூன்று மாதத்தில் திரும்பலாம் என்ற சொல்லை நம்பியும், பலவந்தமாகப் பிடிக்கப்பட்டும் தோட்டத் தமிழர் சயாம்–பர்மா இரயில் பாதைக்குச் சென்றனர். போருக்குப் பிந்திய பிரிட்டிஷ் கணக்கின்படி மலாயாவிலிருந்து சென்ற தொழிலாளர் சுமார் 78,000 பேர். அவர்களுள் சுமார் 30,000 பேர் மாண்டனர். உண்மைத் தொகை இன்னும் மிகுதி என்று கருதுவோர் பலர். வாந்திபேதியோடு பெரிபெரியும் அங்கு உயிர்களைக் கொண்டது. ஆர்.சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ.ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய புதினங்களை இலக்கியமாக மட்டுமன்றி, பசியின் ஆவணமாகவும் நம் மாணவர் படிக்கவேண்டும்.

ஜெலுபுவில் இக்கால நினைவு மேலும் கொடியது. 1942 மார்ச்சில் தித்திக்கு அருகிலுள்ள யூ லாங் லாங் குடியிருப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீனரை ஜப்பானியப் படை கொன்று ஊரைக் கொளுத்தியது. அண்டை வட்டாரமான பகாவில், 1943இன் இறுதியில் சிங்கப்பூரின் யுரேசியரையும் கத்தோலிக்கச் சீனரையும் குடியேற்றி, நீங்களே விளைத்து நீங்களே உண்ணுங்கள் என்றனர். மண்வெட்டி பிடித்தறியாத நகரவாசிகள் மலேரியாவுக்கு இரையாயினர். அவர்களோடு சென்ற ஆயர் டெவால்ஸ் 1945 ஜனவரியில் உயிர்நீத்தார். சிங்கப்பூரின் அரிசிச் செலவைக் குறைப்பதே அத்திட்டத்தின் உள்நோக்கம்.

இவற்றோடு ஒப்பிடத் தோட்டத் தமிழர் ஓரளவு பிழைத்துக்கிடந்ததற்குக் கொல்லைப்புறமும் கம்பத்து வயலும் காரணங்கள். சேலையையும் நகையையும் கொடுத்து மலாய்க்காரரிடம் நெல் வாங்கிய செய்தி நெகிரி செம்பிலான் முதியோர் பேச்சில் வருவதுண்டு. வயல் பெண்ணின் உடைமையாக இருந்த இவ்வட்டாரத்தில் அப்பண்டமாற்று பெரிதும் பெண்களுக்கிடையே நடந்தது என எண்ண இடமுண்டு. சட்டம் பிரித்து வைத்த வயலும் லயமும் பஞ்சத்தில்தான் நேருக்கு நேர் சந்தித்தன.

சோறு தடைசெய்யப்பட்ட பொருளானது

1948இல் அவசரகாலம் பிரகடனமாயிற்று. ஜெலுபுவின் மலைக்காடுகள் கெரில்லாக்களுக்குப் புகலிடமாயின. பிரிக்ஸ் திட்டத்தின்படி சிதறிக்கிடந்த சீனக் குடிகள் புதுக்கிராமங்களிலும், தோட்டத் தொழிலாளர் முள்வேலி சூழ்ந்த லயங்களிலும் ஒன்றுகுவிக்கப்பட்டனர். தித்தியைப் பற்றி லாரன்ஸ் சியாவ் எழுதியுள்ள வட்டார வரலாறு சீனர் தரப்பை விளக்குகிறது. தமிழர் தரப்பை விளக்கும் அத்தகைய நூல் எழுதப்படவேண்டும்.

1951 முதல் போரின் மையக்கருவி அரிசியே ஆயிற்று. காட்டுக்குள் இருப்பவனைத் தோட்டாவைவிடப் பசி விரைவில் வெளியே கொணரும் என்பது தந்திரம். அரிசி பங்கீடு செய்யப்பட்டது. டின்னில் அடைத்த உணவைக் கடைக்காரர் விற்கும்போதே துளையிட்டுக் கொடுக்கவேண்டும். தோட்டத்து வாயிலில் ஆணும் பெண்ணும் சோதனையிடப்பட்டனர். 1952இல் சிரம்பான் வட்டாரத்தில் ‘ஹைவ்’ என்னும் பெயரில் உணவுமறுப்பு நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டது. அதே ஆண்டில் தஞ்சோங் மாலிமில் டெம்ப்ளர் நாளுக்கு 22 மணிநேர ஊரடங்கோடு, ஊரார் அனைவரின் அரிசிப் பங்கீட்டையும் வெட்டினார். பின்னாளில் சில வட்டாரங்களில் வீட்டில் அரிசியே இருக்கக்கூடாது, பொதுச் சமையற்கூடத்தில் ஆக்கிய சோற்றையே வாங்கவேண்டும் என்றனர். வெப்பத்தில் சோறு ஊசிப்போகும், சேமிக்க முடியாது என்பது காரணம்.

பால்வெட்டுத் தொழிலாளிக்கு இதன் பொருள் என்ன? அவள் விடியுமுன் மரத்துக்குப் போகிறாள். வெட்டி முடித்து, பால் வடியும் நேரத்தில் மரநிழலில் அமர்ந்து கட்டுச்சோற்றை அவிழ்ப்பது வழக்கம். மலேசியத் தமிழில் ‘பசியாறுதல்’ என்னும் சொல் காலையுணவுக்கே பெயராகிவிட்டதை மொழியாய்வாளர் கவனித்திருப்பர். பசி முதலில் ஆறுவது அந்நிழலில்தான். உணவு மறுப்பு வட்டாரங்களில் அக்கட்டுச்சோறு குற்றமாயிற்று. பால் எடுத்துக் கொட்டித் திரும்பும்வரை வெறும் வயிறு. வேலிக்கு வெளியே இருந்த கொல்லைகளும் கைவிடப்பட்டன. பிரிட்டிஷார் இதை வெற்றிகரமான தந்திரமாக எழுதிவைத்துள்ளனர். பல நாடுகளின் படைத்துறைக் கல்லூரிகளில் அது இன்றும் பாடம். அவ்வெற்றியின் விலையில் ஒரு பகுதியைச் செலுத்தியவர் எந்தப் பக்கமும் துப்பாக்கி ஏந்தாத பால்வெட்டுப் பெண்கள்.

லயத்துக்குப் பின்

விடுதலைக்குப் பிந்திய கதை பலரும் அறிந்தது. 1950களின் இறுதியிலும் 1960களிலும் வெள்ளையர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பின்னர் இரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. 1980களிலும் 1990களிலும் தோட்டங்கள் வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறத் தொழிலாளர் வெளியேறினர். அவர்களுக்கான இழப்பீட்டுப் பேச்சுகளில் வீடும் வேலை செய்த ஆண்டுகளும் எண்ணப்பட்டன. பசுவும் முருங்கையும் மரவள்ளிப் பாத்தியும் பெரும்பாலும் எண்ணப்படவில்லை. நகர்ப்புற அடுக்குமாடிக்குச் சென்றவள் கீரையையும் விலைக்கு வாங்கவேண்டியவளானாள். ஓர் ஏக்கரின் பதினாறில் ஒரு பங்கு குடும்பச் செலவில் எவ்வளவைத் தாங்கியிருந்தது என்பது அதை இழந்த பிறகே கணக்குக்கு வந்தது.

அரிசியின் பாதையும் மாறியது. இரங்கூன் அரிசியின் இடத்தில் தமிழகத்துப் பொன்னி வந்தது. அரிசி இறக்குமதி பெர்னாஸ் என்னும் ஒரே நிறுவனத்தின் உரிமையாயிற்று. கோலா கிளாவாங்கிலும் சிரம்பானிலும் மலேசியத் தமிழர் இன்று பச்சரிசி, புழுங்கல், பாசுமதி என எல்லாவற்றையும் உண்கின்றனர். தேங்காய்ப்பாலும் ஊசிமிளகாயும் இட்டுச் சமைக்கும் நெகிரி செம்பிலான் மலாய்க் குழம்பு தமிழர் வீட்டு இலையிலும் இடம்பெறுவதுண்டு. இவற்றைக் காண்போர்க்கு அரிசி ஒரு சுவைச் செய்தியாகிவிட்டது போலத் தோன்றும்.

2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்கு இந்தியா தடை விதித்தது. ஆகஸ்டில் புழுங்கல் அரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி விதித்தது. 1918ஆம் ஆண்டைப் போலவே காரணம் மழையும் உள்நாட்டு விலையும்தான். மலேசியாவின் தமிழர் கடைகளில் பொன்னி மூட்டையின் விலை ஏறியது. அவ்வாண்டு அக்டோபரில் அரசுகளுக்கிடையிலான ஏற்பாட்டின் வழி மலேசியாவுக்கு 170,000 டன் அரிசியை இந்தியா ஒதுக்கியது. ஒதுக்கப்பட்டது வெள்ளை அரிசி. புழுங்கல் அரிசியின் மீதான வரி 2024 அக்டோபர் வரை முற்றாக நீங்கவில்லை.